மீட்டர் யார் பெயரில்

என் வாடகைக்காரி வாசுகி எனக்கு முந்நூற்று எண்பது வெள்ளி மின்சாரப் பாக்கி வைத்திருந்தாள். யோங் பெங்கில் எனக்கு மூன்று வீடுகள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், ரப்பர்த் தோட்டத்தில் பால்வாளி தூக்கிய தோளில் செங்கல் சுமந்து கட்டியவை. இந்த ஊரில் எத்தனை பட்டதாரிகளுக்குச் சொந்தக் கூரை இருக்கிறது, சொல்லுங்கள்!

வாசுகி உழைப்பாளிதான். கணவன் இறந்த பிறகு, பத்து பாகாட் நகரத் தொழிற்சாலைக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்து இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறாள். மின்சாரத் தையல் இயந்திரம்தான் அவளுக்குச் சோறு. பில் என் பெயரில் வரும். நான் கட்டிவிட்டு அவளிடம் வாங்கிக்கொள்வேன். சில மாதங்களாக அவளால் தர முடியவில்லை. "இனிமே நான் பில் கட்ட மாட்டேன், லைட்ட வெட்டிட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டேன். சொன்னால் செய்கிறவன் நான்.

அவளுடைய ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில், அரசாங்கம் மாதாமாதம் சாப்பாட்டுச் சாமான்களுக்குக் காசு போடுகிறது. ரொக்கமாக எடுக்க முடியாது. கடையில் அட்டையைக் காட்டி அரிசி, முட்டை வாங்கலாம். அன்று அப்படி வாங்கும்போது கடைக்காரர் குணாளன் கேட்டிருக்கிறார்:

"அக்கா, ஏழைக் குடும்பப் பட்டியல்ல உங்க பேரு இருக்குல்ல? லைட்டு பில்லுலயும் மாசம் நாப்பது வெள்ளி வரைக்கும் கழிப்பாங்களே, கேக்கலயா?"

மறுநாளே அவள் மின்சார அலுவலகத்துக்குப் போய் விசாரித்தாள். பில் அவள் பெயரில் இருந்தால்தான் கழிவு என்றார்களாம். நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, மீட்டர என் பேருக்கு மாத்தி விடுங்க."

"மாத்துனா? நாளைக்கு வீடும் என்னுதுன்னு நிப்ப."

"அலமாக்! லைட்டு பில்லக் காட்டி வீட்ட வாங்க முடியுமா?"

"தோட்டத்துல எங்க பேர்ல ஒண்ணும் இல்லாமத்தான் மொதலாளி லயத்து வீட்ட விட்டு வெரட்டுனான். பேருதான் எல்லாம். எனக்கே சொல்லித் தர்றியா?"

"எங்கப்பாவையும்தான் வெரட்டுனான். மீட்டர்ல பேரு இல்லைங்கறதுக்காகவா வெரட்டுனான்? நெலம் அவன் பேர்ல இருந்துச்சு! உங்க வீட்டுப் பத்திரம் யாரு பெட்டியில இருக்கு?"

பெட்டியைத் திறந்து பத்திரத்தைப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே 'சபாபதி' என்று என் பெயர், கொட்டை எழுத்தில். யாரும் அசைக்க முடியாது. முடிவெடுத்தால் தாமதிக்கிற பழக்கம் எனக்கில்லை. என் காரிலேயே அவளை மின்சார அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அங்கே ஒரு முட்டுக்கட்டை. புதுக் கணக்குக்கு அவள் நூறு வெள்ளி முன்பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பெயர் மாறாது.

"காசில்லாமயா வந்த?" என்றேன்.

"இருக்கு, தவுக்கே. மூணு வீட்டு மொதலாளி, உங்ககிட்ட இருக்கு."

"என்கிட்டயா?"

"குடி வந்தப்ப லைட்டுக்குன்னு ஐந்நூறு வெள்ளி வாங்கி வெச்சீங்கல்ல? இப்ப லைட்டு என் கணக்கு. அது எதுக்கு உங்ககிட்ட?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வியாபாரம் தெரிந்தவனுக்கு நியாயமும் தெரியும்.

"முந்நூத்தி எம்பது பாக்கியக் கழிச்சிட்டுத்தான் தருவேன் லா."

"கழிங்க. மிச்சத்த இங்கயே வைங்க."

அவள் கையை நீட்டினாள். ஊசி குத்திக் காய்த்த விரல்கள். பணப்பையைத் திறந்து இரண்டு ஐம்பது, இரண்டு பத்து, எல்லார் காதிலும் விழும்படி சத்தமாக எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தேன்.