தொட்டியில் முளைத்த களைச் சாமந்தி

எனக்குப் பொறுமை கிடையாது. எதையும் சுரண்டி எடுத்தால்தான் சுத்தம் என்று நம்புகிறவன். சிவகாசியில் வருஷக்கணக்காக ஆஃப்செட் அச்சு மெஷின் ஓட்டினால் அப்படித்தான் ஆகும். மை காய்ந்தால் சுரண்டு, பசை ஒட்டினால் சுரண்டு. இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டுக் கடல் மீன் தொட்டியைக் கெடுத்தேன்.

திருத்தங்கலில் குடிதண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வந்த காலம் அது. என் வீட்டுக்கு மட்டும் தூத்துக்குடியிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர் வரும். துறைமுகத்தில் வேலை பார்த்த மைத்துனன் லாரியில் ஏற்றி அனுப்புவான். குடிக்கவே தண்ணியக் காணோம், இவுகளுக்கு உப்புத்தண்ணி கேக்குதாக்கும் என்று தெருவே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். காரணத்தைத் தெருவில் நின்று சொல்ல முடியுமா?

காரணம் என் மனைவி. பட்டாசு ஆலையில் வெடிமருந்து அடைக்கிற வேலை பார்த்தவள். ஒரு நாள் பக்கத்து ரூமில் தீப்பிடித்து வெடித்தது. இவள் மேல் ஒரு பொறிகூடப் படவில்லை. ஆனால் அன்றிலிருந்து கை நடுங்க ஆரம்பித்தது. குக்கர் விசில் கேட்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்வாள். காபி டம்ளரைப் பாதிதான் நிரப்பிக் கொடுப்பேன், முழுசாகக் கொடுத்தால் சேலையில் கொட்டிவிடும். டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூங்கினாள், அவ்வளவுதான்.

அக்காவை அப்படிப் பார்க்க மாட்டாமல்தான் மைத்துனன் அந்தக் கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே கொஞ்சம் கல், இரண்டு கோமாளி மீன்கள், அவை புரண்டு படுக்க ஒரு பெரிய கடல் சாமந்தி. பேர்தான் சாமந்தி, பூ இல்லை. விரல் விரலாக ஆட்டிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற உயிர். அந்த மீன்கள் அதற்குள் நுழைந்து படுப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ரெண்டு மாசத்தில் தொட்டிக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு நாள் சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் அது முளைத்தது. கல்லோடு ஒட்டி வந்திருக்க வேண்டும். பழுப்பு நிறத்தில், சின்னதாக மூன்று. போனில் சொன்னதும் மைத்துனன் பயந்துவிட்டான். அதுவும் சாமந்தி வகைதான், ஆனால் களை, பக்கத்தில் இருப்பதையெல்லாம் தேள் மாதிரிக் கொட்டும், பெரிய சாமந்தியையே சாகடித்துவிடும் என்றான். விசாரித்துச் சொல்கிறேன், அதுவரை தொடாதே என்றும் சொன்னான். காலண்டர் சீசன் நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் எனக்கு ஓய்வு. விசாரிக்கிற வரைக்கும் யார் காத்திருப்பது? மை சுரண்டுகிற பிளேடைக் கழுவிக் கொண்டுவந்து மூன்றையும் வழித்து எடுத்தேன். முடிந்தது வேலை என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

பத்தே நாளில் முப்பதுக்கு மேல் முளைத்திருந்தது. அதையும் சுரண்டினேன். இன்னும் முளைத்தது. பெரிய சாமந்தி சுருங்கி ஒரு மூலைக்கு நகர்ந்துவிட்டது. மீன்கள் படுக்க இடமில்லாமல் மேலேயே சுற்றின. மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே போய்விட்டாள். முக்கால்வரை ஏறியிருந்த டம்ளர் காபி மறுபடியும் பாதியானது. மெல்ல மெல்லக் கரையேறியவளை நானே தள்ளிவிட்டேனோ என்று பயந்தேன்.

பிரஸ்ஸில் அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸைக் கொண்டுவந்து கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். பிளேடு போன தடமெல்லாம் வரிசையாக முளை. நான் சுரண்டியதில் ஒட்டிக்கொண்ட துணுக்கு ஒவ்வொன்றும் ஒரு சாமந்தி. நாற்று நட்டது நானேதான். லென்ஸை அவளிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க மருந்து ரூம்ல மொதப் பாடமே உரசக்கூடாதுங்கிறதுதான்" என்றாள். "நீங்க இத்தன நாளா உரசிக்கிட்டே இருந்திருக்கீக."

தீ விபத்துக்குப் பிறகு அந்த ரூமைப் பற்றி அவள் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். 

மைத்துனன் விசாரித்துச் சொன்ன வழி சுண்ணாம்பு. குழைத்து ஊசியில் ஏற்றி, களையின் வாயில் வைத்துவிட வேண்டும். தீனி என்று அதுவே விழுங்கிச் செத்துவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றி வைத்திருந்தோம். கல் நீக்கி, வெண்ணெய் போலக் குழைத்து, மருந்துக்கடை ஊசியில் நிரப்பி, தண்ணீரைச் சுற்றவிடுகிற மோட்டாரை நிறுத்திவிட்டு முதல் ஊசியை நான்தான் போட்டேன். ஒரே அழுத்து. தொட்டி முழுக்க வெள்ளைப் புகை. களை சுருங்கிக் கல்லுக்குள் ஒளிந்துகொண்டது, மீன்கள்தான் மேலே வந்து வாயைப் பிளந்தன. பாதித் தண்ணீரை மாற்றி அவற்றைக் காப்பாற்றுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

மறுநாள் அவள் கையை நீட்டினாள். "குடுங்க. மருந்து அடைக்கிறவளுக்குத் தெரியாதா, எம்புட்டு வைக்கணும்னு."

கொடுக்கவே தயங்கினேன். நிறைந்த டம்ளரைப் பிடிக்க முடியாத கை. அவள் மணிக்கட்டைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, ஊசி முனையைக் களையின் வாய்க்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். தொடவில்லை. ஒரு பொட்டு சுண்ணாம்பு மட்டும் இறங்கியது. களை அதை ஆசையாக வாங்கி மூடிக்கொண்டது. எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போனாள். தண்ணீர் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. மீனுக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வைக்கவும் மாட்டாள். அதுவும் மருந்து ரூம் பழக்கம்தான், அங்கே மொத்தமாக எதையும் அள்ளி வைத்துக்கொள்ளக் கூடாது.

பொங்கல் கழிந்தும் வைத்தாள். லென்ஸில் புதிய முளை எதுவும் தெரியாமல் போனது. பெரிய சாமந்தி மெல்ல விரிய ஆரம்பித்து, மீன்கள் அதில் போய்ப் படுத்தன. 

கடைசிக் களைக்கு அவள் ஊசியைப் பிடித்திருந்தபோது, தெருக்கோடிக் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வெடிச்சரம் கொளுத்திவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஊசி முனை களைக்கு மேலே நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு பொட்டு வைத்துவிட்டு, கையை வெளியே எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"காபி போடுங்க" என்றாள். அன்றைக்கு நான் டம்ளரை நிரப்பிக் கொடுத்தேன்.