கைதடி வெளியில் வழுகிய நட்டு

வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் முற்றத்தில் புதுச் சைக்கிள் ஒன்றைப் பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்டிருந்தார். கையில் நீட்டு ஸ்பனர் ஒன்று. நட்டு எவ்வளவு இறுக வேண்டுமென்று அதில் அளவு வைத்துத் திருகினால், அந்த அளவு வந்ததும் டிக்கென்று சொல்லுமாம். சொன்னது. உடனே கையை எடுத்துவிட்டார். போதும் என்றதும் ஓர் ஆம்பிளை நிறுத்தியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. அவருக்குக் கை இருந்தது. அந்தக் கை 'இன்னும், இன்னும்' என்பதைத் தவிர வேறொன்றும் அவருக்குச் சொன்னதாக எனக்குத் தெரியாது. ஊறுகாய்ப் போத்தலை அவர் மூடினால், பிறகு உடைத்துத்தான் தின்ன வேண்டும்.

என் தங்கைக்குச் சாவகச்சேரியில் கலியாணம். சண்டையால் பெற்றோல் கிடைக்காத காலம். நீர்வேலியிலிருந்து இரண்டு கதலிக் குலையும் நானும் சைக்கிளில்தான் போகவேண்டும். தாயில்லாத பிள்ளை அவள்; தாலி கட்டும்போது பக்கத்தில் நிற்பேன் என்று சொல்லியிருந்தேன்.

விடியவே இவர் பின்சில்லு நட்டை இறுக்கத் தொடங்கினார். ஸ்பனர் பிடியில் குழாய்த்துண்டு ஒன்றைச் செருகி, அதன்மேல் ஏறியும் நின்றார். நான் வாய் திறக்காதவள். அன்றைக்குத் திறந்தேன்.

"இஞ்சேருங்கோ, காணும், இறுக்கினது போதும்."

"உனக்கென்ன தெரியும்? என்ரை கை சொல்லும்."

கைதடி வெளியில், நிழலுக்கு ஒரு மரமும் இல்லாத இடத்தில், நட்டின் மரை வழுகிச் சில்லு சரிந்து இறுகிவிட்டது. கழற்றினார், பூட்டினார், காறித் துப்பினார். குழாய்த்துண்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார், பாருங்கள். அவ்வழியால் போன வயதான மீன்காரர் ஒருவர் என்னை ஏற்றிப் போவதாகச் சொன்னார். பிறத்தி ஆம்பிளையின் சைக்கிளில் பெண்சாதி ஏறுவதாவது என்று இவர் விடவில்லை. ஹாண்டிலை இவர் பிடிக்க, பட்டுச்சேலையோடு பின்சில்லை நான் தூக்க, நடந்தோம்.

போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாலையோடு எழும்பி வந்தாள் தங்கை.

"எங்கையக்கா நிண்டனீ? திரும்பித் திரும்பிப் பாத்தனான்."

பந்தலில் இவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "உவங்கள் இப்ப நட்டெண்டு பிஸ்கட்டைத்தான் விக்கிறாங்கள்." நின்ற ஆம்பிளைகள் எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அவர்களுக்கும் கை இருந்தது.

தங்கை பிறகு கடல் கடந்து போய், அங்கேயே முடிந்தும் போனாள். இவருடைய அந்தச் சைக்கிள் பழைய இரும்புக்குப் போயிற்று. மருமகன் அந்த ஸ்பனரைப் பெட்டிக்குள் படுக்கவைத்து மூடியபோது, சுவரிலிருந்த இவருடைய படத்தைப் பார்த்தேன். முகம் மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள். கை படத்தில் விழவில்லை.