நடக்க விடாத ஊர்

பெரம்பலூரில் ஓர் ஆள் சாலையோரமாக நடந்து போனால் அவருடைய வண்டி பழுது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. கூலிக்குப் போகிறவர் நடக்கலாம். சம்பளமும் தொப்பையும் உள்ளவர் நடந்தால் மட்டும் ஊருக்குப் பொறுக்காது.

என் தம்பிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குன்னத்தில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வீட்டு வாசலில் வண்டி ஏறினால் அலுவலக வாசலில் இறங்குவான். பிறகு மாலை வரை நாற்காலி. ஒருநாள் மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அடைத்தது. இதயக் குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது, மாத்திரை மட்டும் போதாது, தினமும் நடந்தே ஆக வேண்டும் என்றார் மருத்துவர்.

மறுபரிசோதனைக்கு நானும் போனேன். எடை கூடியிருந்தது. "நடக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"டெய்லி போறேன் சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போவது உண்மைதான். துறையூர் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் யாராவது வண்டியை நிறுத்துவார்கள். இவனும் ஏறிக்கொள்வான். வழியில் டீ, உளுந்து வடை, பிறகு வீடு. வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஆசையா கூப்புடுறாங்கண்ணே. முடியாதுன்னா மொகம் சுருங்கிப் போவுது."

அவர்கள் முகம் சுருங்கக் கூடாது. இவன் ரத்தக்குழாய் சுருங்கலாம்.

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர்வலம் போக, ஒலிபெருக்கி கட்ட, பாறை உடைக்க, எதற்கான மனு எந்த மேஜையில் தூங்கும் என்று தெரியும். ஒருவன் தன் சொந்தக் காலால் நடக்க எந்த மேஜைக்குப் போவது?

மறுநாள் காலை கூடவே கிளம்பினேன். மளிகைக் கடைக்காரர் நிறுத்தினார், முறைத்து அனுப்பினேன். அடுத்து வந்தவர் தம்பியின் அலுவலக உதவியாளர்.

"வண்டி ரிப்பேரா சார்? ஏறுங்க, வூட்டுல வுட்டுட்டுப் போறேன்."

தம்பியின் கை அதற்குள் சீட்டுக்குப் போய்விட்டது.

"அவனுக்கு நெஞ்சுல அடைப்பு," என்றேன், டீக்கடை வரைக்கும் கேட்கும்படி. "நடக்கலைன்னா போய்ச் சேர்ந்துடுவான். ஏத்திட்டுப் போறதுன்னா போங்க. ஆனா நாளைக்கு அவனுக்குப் போட ஒரு மாலை வாங்கிட்டு வரணும்."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது.

"பொண்ணுக்கு வரன் பாக்குற நேரம். ஊருக்கே தமுக்கடிச்சிட்டீங்க. இனிமே எங்கூட வராதீங்க."

திரும்பிப் பார்க்காமல் நடந்தான். "மெதுவாப் போடா," என்றேன். வேண்டுமென்றே நடையை எட்டிப் போட்டான். அன்றுதான் முதல் முறையாக வீடு வரைக்கும் நடந்தே போனான்.

இப்போது யாரும் ஏறச் சொல்வதில்லை. பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்து, "நெஞ்சு தேவலையா சார்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த எரிச்சலில் அவன் இன்னும் வேகமாக நடக்கிறான். என்னோடு பேச்சில்லை. பேச வேண்டாம், நடக்கட்டும்.