ஓ.டி. இல்லாத மாதத்தில் போன பணம்

சம்பள நாளான ஏழாம் தேதி சாயங்காலம் என்றால் என் கடைக்குள் மெஷினுக்கு ஊற்றும் கூலன்ட் எண்ணெய் வாசனை வந்துவிடும்... வேலை முடிந்த பையன்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து யூனிபார்மோடு அப்படியே இறங்கி வருவார்கள்.

வீட்டுக்காரர் ஒரகடத்தில் கார் கம்பெனியில் லைன் வேலை. நான் பென்னலூரில் ரீசார்ஜ் கடை, கூடவே ஊருக்குப் பணம் அனுப்பும் கவுன்டர். ஒடிசா, பீகார் பையன்கள்தான் வாடிக்கை. பணம் அனுப்பியதும் போக மாட்டார்கள். வந்து சேர்ந்தது என்று ஊரிலிருந்து போன் வரும்வரை கடையை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு வருஷம் வண்டி விற்பனை படுத்துவிட்டது. ஓ.டி. என்கிற ஓவர்டைம் கிடையாது, சனிக்கிழமை லைன் ஆஃப், கம்பெனியே மூடல். இனி எவன் அனுப்பப் போகிறான், கவுன்டரை மூடிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டோம்.

ஏழாம் தேதி பார்த்தால்... வரிசை ரோடு வரை நிற்கிறது!

திலீப் என்று ஒரு ஒடிசாப் பையன், மெஷின் ஷாப்பில் கான்ட்ராக்ட். வழக்கமாக அனுப்புவதைவிடக் கூடுதலாக நீட்டினான். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இன்னா தம்பி, லாட்டரி கீட்டரி அடிச்சிக்கிச்சா?"

"இல்லக்கா. ஊர்ல வயல் புல்லா தண்ணி. மறுபடி நடணும். இல்லன்னா அப்பா நிலம் அடமானம் வைக்கும். அதான் ஜாஸ்தி."

"இங்கதான் ஓ.டி.யே இல்லியே, துட்டு ஏது?"

"மெஸ் நிறுத்திட்டேன். கம்பெனி கேன்டீன் சாப்பாடு ஒண்ணு போதும்."

"லைன் ஆஃப் அன்னிக்கு சாப்பாடு?"

சிரித்தான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு. அன்று அவனுக்குப் போன் வரும்வரை நானும் கூடவே காத்திருந்தேன். அந்த வருஷம் அவர்கள் நிலம் தப்பித்தது.

அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். ஓ.டி. கொட்டின வருஷம், ஊரிலும் நல்ல விளைச்சல்... அதே திலீப் குறைத்துத்தான் அனுப்பினான். புது போன் வாங்கினான், ஷூ வாங்கினான். கெட்ட காலத்தில் கடைக்காரர், கம்பெனிக்காரர் எல்லாரும் கையை இறுக்கிக்கொள்கிறார்கள். இந்தப் பணம் மட்டும் ஏன் எதிர்ப்பக்கமாக ஓடுகிறது? எல்லா நாட்டிலும் இப்படித்தானா? டிவியில் பொருளாதாரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் கேட்கத் தோன்றும்.

இப்போது அந்தக் கவுன்டர் இல்லை. எல்லாரும் போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள், நொடியில் போய்ச் சேர்கிறது. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

என் மகன் போலந்தில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். போன மாதம் வீட்டுக்காரர் கம்பெனியில் மறுபடி ஷிஃப்ட் குறைத்தார்கள். நாங்கள் கேட்கவே இல்லை... அவனிடமிருந்து வழக்கத்தைவிட அதிகமாகப் பணம் வந்தது. வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. நான் உடனே போன் போட்டேன்.

"கண்ணு, குளிருக்கு ஜாக்கெட் வாங்கணும்னு சொல்லிக்கினு இருந்தியே, வாங்கிட்டியா?"

"இந்த வருஷம் அவ்ளோ குளிர் இல்லம்மா."