கொக்கி வைத்த வால்

எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். மனிதன் எப்படி உண்டானான் என்கிற பெரிய விஷயத்தில் வாய் திறக்க எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரு வால் மட்டும்தான். பழுப்பு வெல்வெட்டில் நானே தைத்து, உள்ளே பஞ்சும் கயிறும் திணித்த வால். அதன் அடியில் ப்ளவுஸ் கொக்கிகள் இருக்கும். போன மாதம், நாங்கள் இப்போது இருக்கும் அல்வாலில், மாறுவேடப் போட்டிக்காக அதை எடுத்த அண்ணனின் பேத்தி, "அனுமார் வாலுக்கு எதுக்குக் கொக்கி?" என்று கேட்டாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அண்ணன் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டர். தெலுங்கு பேசும் ஊரில், லோத்குண்டா பக்கம் குவார்ட்டர்ஸ். நான் அவர் வீட்டோடு இருந்து அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்தேன். ஸ்ரீராமநவமிக்குக் காலனித் தமிழர்கள் போடும் நாடகத்தில் வருஷா வருஷம் அண்ணன்தான் அனுமார். வேஷத்துக்கு முன் விரதம் இருப்பார். மேடையை விட்டு இறங்கியதும் பெரியவர்கள்கூட அவர் காலைத் தொடுவார்கள். வெல்டிங் வெளிச்சத்தில் கண் சிவந்து வீடு திரும்பும் மனிதர், அந்த ஒரு நாளை நினைத்தே மற்ற நாட்களை ஓட்டினார்.

அந்த வருஷம் நவமிக்குச் சில வாரங்கள் முன்னால், ஒன்பதாவது படித்த அண்ணன் மகளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மனிதன் உருவான விதத்தை நான்கு பேரை வரிசையாக நிறுத்திக் காட்டவேண்டும். மைக்கில் விளக்குவது அவள். முதல் இடத்தில் குரங்கு மாதிரி முதுகைக் கூனிக்கொண்டு நிற்க ஆள் இல்லை. கேலிக்குப் பயந்து பையன்கள் நழுவிவிட்டார்கள். அப்பாவிடம் வந்து நின்றாள்.

செய்தி பஜனை மாமாவுக்குப் போயிற்று. தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருந்தவர். நாடகம் நடத்துவது அவர்தான். வீட்டுக்கே வந்தார். பிரம்மா படைத்த மனிதனை மிருகத்தின் வாரிசு என்கிற இடத்தில் சாமி வேஷம் கட்டின உடம்பு போய் நிற்கக் கூடாது, நின்றால் இனி கதாயுதத்தைத் தொட வேண்டாம் என்றார். கதவோரம் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் அவளைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்:

"நான் குரங்கானா கும்பிடுறீங்க மாமா. குரங்கு மனுஷனானா மட்டும் ஏன் கோவம்?"

மாமா காப்பியைத் தொடாமல் போய்விட்டார்.

"குரங்கு மனுஷன் ஆகலை பப்பா," என்று மகள் திருத்தினாள். "ரெண்டு பேருக்கும் ரொம்ப முன்னாடி ஒரே தாத்தா. அவ்ளோதான்."

"அப்போ ஆஞ்சநேயர் நமக்குப் பங்காளியா?"

"ஹவ்," என்று அந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டுச் சிரித்தாள். "ஆனா வால் நக்கோ, வேணாம். நீங்க போடற வேஷத்துக்கு வால் கிடையாது."

அண்ணனுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. கண்காட்சிக்கும் அதையே போடலாம் என்று அனுமார் உடுப்பை என்னிடம் நீட்டும்போது வாலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் தையலைப் பிரித்து வாலைத் தனியே எடுத்தேன்.

கண்காட்சியில் அண்ணன் கூனி நின்றபோது, பார்க்க வந்த தொழிலாளி ஒருவர் பழக்க தோஷத்தில் "ஜெய் ஆஞ்சநேயா" என்றார். அண்ணனும் பழக்க தோஷத்தில் ஒரு தாவல் தாவி, பக்கத்தில் நின்ற கற்கால மனிதனை இடித்துவிட்டார். மண்டபமே சிரித்தது. மைக்கில் மகளுக்குப் பேச்சு நின்றுபோனது. அண்ணன் தன் இடத்துக்குத் திரும்பி, மறுபடி கூனி, கைகளைத் தொங்கவிட்டு அவளையே பார்த்தார். அவள் ஆங்கிலத்தில் விட்ட இடத்தைப் பிடித்து, தெலுங்கில் முடித்தாள். பலத்த கைதட்டல்.

பின்வரிசையில் மாமா துண்டால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். வாசலில் என்னைக் கண்டதும் முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"வாலைத் தூக்கிப் போட்டுடலையேம்மா? நவமிக்கு வேணும்."

மகள் படித்ததை அண்ணன் நம்பினார். அனுமாரைக் கும்பிடுவதையும் விடவில்லை. ஒன்றுக்காக இன்னொன்றைக் கைவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. இப்போது முழங்கால் மடங்காமல் நாற்காலியில் இருக்கிறார். கொக்கி எதுக்கு என்று கேட்ட பேத்திக்குப் பதில் சொன்னதும் அவர்தான்: "கழட்டணும்னா கழட்டலாம், மாட்டணும்னா மாட்டலாம்."

கண்காட்சிக்கு மறுநாள் நான் லோத்குண்டா கடையில் ஓர் அட்டை ப்ளவுஸ் கொக்கி வாங்கி வந்தேன்.