நம்மாளு லிஸ்ட்

நான் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட். எடமலைப்பட்டி புதூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கேள்விப்பட்டு, மாடிப்படியை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று டேப்போடு வந்து நின்றிருக்கிறார். என் வேலை அதுவல்ல. டிசைனை வரைந்து கொடுத்துவிட்டு, புரோகிராமர்கள் அதன்படிதான் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் அசடு வழிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரே ஒரு நிபந்தனை

ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் செய்தோம். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் தனலட்சுமி மேடம் முதல் மீட்டிங் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், ரிசப்ஷன்ல இருக்கற மாலா என் நாத்தனார். எனக்கும் இங்கதான் வைத்தியம். நான் என்ன மாத்திரை சாப்பிடறேன்னு அவளுக்குத் தெரியவே கூடாது. மத்ததெல்லாம் நீங்க எப்படி வேணாலும் பண்ணிக்குங்க."

"தெரியாதுங்க மேடம். நான் பொறுப்பு."

டிசைனில் அதற்கு வழி இருந்தது. ரிசப்ஷன் ஸ்கிரீன், நோயாளியின் ரெக்கார்டை நேராகத் தொடக்கூடாது. நடுவில் பர்மிஷன் லேயர் என்று ஒரு வாசல். யார் கேட்கிறார், எதைக் காட்டலாம் என்று பார்த்துத்தான் அது விடும். வாசலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிற மாதிரி யாராவது புரோகிராம் எழுதினால், நாங்கள் வைத்திருந்த செக்கர் என்ற சோதனை புரோகிராம் சிவப்பில் கத்தும்.

2. எல்லாம் பச்சை

கடைசி வாரம் செக்கரை ஓட்டினேன். மீறல்: பூஜ்யம். 'டிசைன்படியே கட்டப்பட்டுள்ளது' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் எம்.டி. சந்தோஷத்தில் ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டிரையல். டாக்டர்கள் சுற்றி நிற்க, மாலா விளையாட்டாகத் தன் அண்ணியின் பெயரை அடித்தார். அப்பாயின்ட்மென்ட் வந்தது. கூடவே மருந்துச் சீட்டும் வந்தது.

"அண்ணி! உங்களுக்கு சுகரா? ரெண்டு வேளை மாத்திரையா? நேத்துகூட என் கண்ணு முன்னாடி நாலு ஜிலேபி தின்னீங்களே!"

"நாலா?" என்றார் மேடத்துக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்.

எங்கள் எம்.டி. கையோடு கொண்டுவந்திருந்த மைசூர்பாகுப் பெட்டியை மெதுவாக மேஜைக்கு அடியில் தள்ளினார். தனலட்சுமி மேடம் மாலாவைப் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

3. யார் ஆரம்பித்தது?

ஆபீஸுக்கு வந்ததும், அந்த ஸ்கிரீனை எழுதிய சரவணனைப் பிடித்தேன்.

"பேரை மட்டும் எடுக்கத்தான் சார் நேரா போனேன். முழு ரெக்கார்டும் கூடவே வந்துடுச்சு."

"செக்கர் ஏன்யா கத்தல?"

"நம்மாளு லிஸ்ட்ல போட்டுட்டேன் சார்."

செக்கர் எதையெல்லாம் கண்டுகொள்ளக் கூடாது என்று ஒரு விதிவிலக்குப் பட்டியல் உண்டு. எங்கள் ஆபீஸில் அதற்கு வைத்த பெயர் அது. தரிசன வரிசையில் 'இவர் நம்மாளு, விடுங்க' என்போமே, அதே கணக்கு. திறந்து பார்த்தேன். நாற்பத்தேழு வரிகள். கேன்டீன் டோக்கன் ஸ்கிரீன்கூட நம்மாளுதான். வாசல் வழியாக வருவதற்கு அநேகமாக ஒருவரும் மிச்சமில்லை.

"இந்தக் கூத்தை யாருய்யா ஆரம்பிச்சது?" என்று கத்தினேன்.

சரவணன் முதல் வரியைக் காட்டினார். ஓர் அவசர டெமோவுக்காகப் போட்டது. பக்கத்தில் 'அப்புறம் எடுத்துவிடலாம்' என்ற குறிப்பு. கீழே என் பெயர். வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது.

மூன்று நாள் உட்கார்ந்து லிஸ்டைக் காலி செய்தோம். அன்றிலிருந்து, செக்கர் பச்சை காட்டினால் நான் முதலில் திறப்பது அது பார்க்காமல் விட்டவற்றின் பட்டியலைத்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எல்லாம் சரியானதும், மன்னிப்புக் கேட்கத் தனலட்சுமி மேடத்திடம் போனேன். இனிமேல் மாலாவுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது என்று போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க சார். கம்ப்யூட்டர்லேந்து எடுத்துட்டீங்க. அவ மண்டைலேந்து எப்ப எடுப்பீங்க?"