நாற்பத்தொன்றாம் நம்பர் ஹாஜர்

ஏழு வருஷம் ஒரு செத்த பெண்ணுக்கு நான் தவறாமல் ஹாஜர் போட்டிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற சாலையில் அப்போது ஒரு பொத்தான் ஃபாக்டரி இருந்தது. சிரட்டையில் செய்கிற பொத்தான். யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவதில் மும்முரமாகிப் பொத்தான் அனுப்புவதை நிறுத்திவிட்டான். அதில் எங்கள் முதலாளிக்கு வழி திறந்தது. தேங்காயைத் துருவிவிட்டு எறிகிற சிரட்டையை வட்டம் வட்டமாக வெட்டி, நாலு துளை போட்டு, உமியும் எண்ணெயும் விட்ட பீப்பாயில் உருட்டி எடுத்தால் பொத்தான் தயார். தேசத்தின் மானத்தையே நாம்தான் மூடுகிறோம் என்பார் முதலாளி. பாதிப் பேர் சட்டையே போடாத ஊரில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்.

நான் அங்கே ரைட்டர். ரிஜிஸ்தர் எழுதுவது வேலை. இன்டர்மீடியட்டில் இரண்டு தடவை தோற்றவனுக்கு அது பெரிய உத்தியோகம்தான். படிக்க நேரமும் கிடைத்தது. ரிஜிஸ்தருக்கு அடியில் எப்போதும் ஏதாவது ரஷ்ய நாவல் விரிந்து கிடக்கும். அதில் வருகிற ஏழைகளுக்காகக் கண் கலங்கிக்கொண்டே, எதிரே நிற்கும் பெண்களிடம், "தள்ளி நில்லுங்கட்டி, வெளிச்சம் மறைக்கு" என்பேன்.

வேலைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் நம்பர் அடித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. காலையில் வில்லையை என் மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். சாயங்காலம் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் வில்லையைப் பார்த்துத்தான் ஹாஜர் போடுவேன், முகத்தைப் பார்த்து அல்ல. இது அந்தப் பெண்களுக்கும் வசதியாக இருந்தது. ஒருத்திக்குக் கல்யாணமானால் தங்கை அந்த வில்லையோடு வருவாள். பிரசவம் என்றால் நாத்தனார் வருவாள். வீட்டுக்கு ஒரு தென்னை மாதிரி, வீட்டுக்கு ஒரு வில்லை. ஆட்கள் மாறுவார்கள், ரிஜிஸ்தரில் முதலில் சேர்ந்தவளின் பேரே கிடக்கும். முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புதுப் பேர் எழுதினால் புதுப் பக்கம் திறக்க வேண்டும், சோம்பல்.

நாற்பத்தொன்றாம் நம்பரில் சேர்ந்தவள் கல்யாணமான பெண். புருஷன் எங்கள் ஃபாக்டரிக்குச் சிரட்டை கொண்டு வரும் வண்டிக்காரன், இராஜாக்கமங்கலத்துக்காரன். ஒரு வருஷம்கூட வேலை பார்த்திருக்க மாட்டாள். தலைப்பிரசவத்தில் குழந்தையும் அவளும் போய்ச் சேர்ந்தார்கள். பதினாறு கழிந்த மறுநாள் அவள் தங்கை வில்லையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நான் ஹாஜர் போட்டேன். துளை போடும் மிஷினில் உட்கார்ந்தவள் ஏழு வருஷம் எழுந்திருக்கவில்லை. ஒரு தடவை துளைக்கிற ஊசி அவள் ஆள்காட்டி விரல் நகத்திலேயே இறங்கியது. நகம் அதற்குப் பிறகு இரண்டாகப் பிளந்தே வளர்ந்தது. துணி சுற்றிக்கொண்டு மறுநாளும் வந்தாள். அன்றும் ஹாஜர்தான், அவள் அக்காளுக்கு.

சுதந்திரம் வந்து சில வருஷத்தில் ஜப்பான்காரனும் திரும்பி வந்தான். இந்தத் தடவை குண்டு இல்லை, பிளாஸ்டிக் பொத்தான். சங்குபோல வெளுப்பு, எங்கள் பொத்தானில் பாதி விலை. கொச்சியில் கப்பலிலிருந்து இறங்கி, இரண்டு மாதத்தில் எங்கள் ஊர்ச் சந்தைக்கே வந்து அட்டையில் தொங்கியது. முதலாளி ஒரு அட்டை வாங்கிவந்து என் மேஜையில் வைத்து, "நல்லாத்தான்வே இருக்கு" என்றார். அடுத்த மாதம் கேட்டைப் பூட்டினார்.

வெளிநாட்டுச் சரக்கால் வேலை போனவர்களுக்குச் சர்க்கார் உதவி என்று அறிவிப்பு வந்தது. ஐந்து வருஷம் வேலை பார்த்த பெண் ஒவ்வொருத்திக்கும் மூன்று மாதத் தையல் பயிற்சி. முடிந்ததும் ஒரு தையல் மிஷின். சீமையிலிருந்து இறக்குமதியான மிஷின் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. லிஸ்ட் என் ரிஜிஸ்தரைப் பார்த்துத் தயாரானது.

லிஸ்ட் ஒட்டிய அன்று நாற்பத்தொன்று என் வீட்டுக்கு வந்தாள். அப்போதுதான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

"சாரே, அக்கா பேருல்லா கெடக்கு. அவ செத்து ஏழு வருசமாச்சு. எனக்கு மிஷின் தருவானுவளா?"

"நீ யாருன்னு நிரூபிக்கணும் பிள்ளே."

"நீங்க ஒரு வரி எழுதித் தந்தா போதும் சாரே. அண்ணன் பொண்டாட்டி சொல்லிட்டா, சம்பளம் இல்லாதவளுக்கு இங்க என்ன சோறுன்னு. மிஷின் இருந்தா ஒரு மூலையில கெடந்துக்குவேன். இல்லைன்னா அவ எச்சிப்பாத்திரம் தேச்சே சாவணும்."

ஒரு வரிதான். 'இந்த நம்பரில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள் இவளே' என்று எழுத வேண்டும். எழுதினால் அடுத்த கேள்வி, அப்படியானால் செத்தவளுக்கு தினமும் ஹாஜர் போட்டது யார் என்பது. அப்போது நான் இந்த உதவியைக் கொடுக்கிற நிவாரண ஆபீஸிலேயே குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். ஆகவே தொண்டையைச் செருமிக்கொண்டு, நாவல் படித்த மூளையால் ஒரு யோசனை சொன்னேன்.

"எதுக்கு வில்லங்கம்? உங்க அக்கா நீதான்னு சொல்லிரு. வில்லை உன் கையிலதானே இருக்கு?"

அவள் பிளந்த நகத்தைப் பார்த்தாள். "பாவமில்லியா சாரே?"

"சர்க்கார் காகிதத்துக்குப் பாவம் கிடையாது" என்றேன். எங்கேயோ படித்தது போல இருந்தது. நானே சொன்னதுதான்.

மனுவை நானே நிரப்பினேன். பேர்: அக்காள் பேர். புருஷன்: வண்டிக்காரன். விலாசம்: ரிஜிஸ்தரில் உள்ளபடி இராஜாக்கமங்கலம். கல்யாணமானவள் என்றால் புருஷனும் ஆபீசுக்கு வந்து கையெழுத்திட வேண்டுமாம். வண்டிக்காரன் அதற்குள் மறுகல்யாணம் செய்திருந்தான். ஃபாக்டரி பூட்டியதில் அவன் வண்டியும்தான் நின்றுபோனது. ஆனால் வண்டிக்காரர் பேர் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை, அதனால் அவனுக்கு உதவியும் இல்லை. கூப்பிட்டதும் சந்தோஷமாகச் சம்மதித்தான். அந்தச் சந்தோஷத்தை நான் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

நிவாரண ஆபீஸ் இருந்த தக்கலைக்கு எல்லோரும் ஒரே பஸ்ஸில் போனோம். பின்னால் இருந்த ஃபாக்டரிப் பெண்கள் அவளை விடவில்லை.

"ஏட்டி, அத்தானைக் கெட்டியாச்சா? எங்களுக்கு விருந்து எப்பம்?"

"மொத ராத்திரி பஸ்ஸிலயா, தக்கலையிலயா?"

வண்டிக்காரன் திரும்பி, "எல்லாம் சர்க்கார் செலவு" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

ஆபீசர் வடக்கே இருந்து வந்தவர், மலையாளம் கலந்த தமிழ். நல்ல மனிதர். "குட்டிகள் எத்தனை உண்டு?" என்று கேட்டார். அவள் வாய் திறக்குமுன் வண்டிக்காரன் முந்திக்கொண்டான்: "ஒண்ணு பெத்தா சார். தங்கல்ல."

அவள் தலை குனிந்தது. ஆபீசர் மனமிளகி, "சாரமில்லை, போகட்டும், இனியும் வயசுண்டல்லோ" என்றார்.

"நானும் அதைத்தான் சொல்லுகேன் சார்" என்றான் அவன்.

பிறகு ஆபீசர் என் ரிஜிஸ்தரைப் புரட்டினார். "ஏழு வர்ஷத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லையே!" என்று வியந்தார். ஒரு வாரத்தில் எனக்கு அங்கே குமாஸ்தா வேலை உத்தரவாயிற்று. அந்த ஃபாக்டரி மூடியதில் முதலில் உதவி பெற்றவன் நான்தான்.

பயிற்சியில் அவள்தான் முதல். ஏழு வருஷம் துளை போட்ட கைக்கு ஊசி ஒரு விஷயமா? மிஷின் கொடுக்கிற நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, பெரியவர் ஒருவர் பேசி, பேர் பேராகக் கூப்பிட்டார்கள். செத்தவள் பேரைக் கூப்பிட்டதும் அவள் எழுந்து போய்க் கும்பிட்டு வாங்கினாள். பழைய சேலையிலிருந்து கிழித்த துணியால் மிஷினைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

அதை வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். வண்டி யாரிடம் இருக்கிறது? அவளே அத்தானிடம் கேட்டிருக்கிறாள். அவன் மிஷினை ஏற்றி, வைக்கோல் அடை கொடுத்து, கயிறு போட்டுக் கட்டினான். அவள் வண்டிக்குப் பின்னால் நடந்தாள். அண்ணன் வீட்டுக்குப் பிரிகிற முக்கில் வண்டி பிரியவில்லை, நேரே போயிற்று.

"அத்தான், வழி இங்கேல்லா!"

"உனக்கு வழி அங்க. எம் பொண்டாட்டி மிஷினுக்கு வழி எங்க வீட்டுக்கு. காகிதத்துல அப்படித்தான் கெடக்கு, படிக்கத் தெரிஞ்சவங்கிட்ட கேளு. நீயும் வாறதுன்னா ஏறிக்க, எடமிருக்கு."

அவள் ஒரு மைல் ஓடியிருக்கிறாள். பிறகு திரும்பி, படிக்கத் தெரிந்தவனிடம் வந்தாள்.

மறுநாள் காலை அவளோடு இராஜாக்கமங்கலம் போனேன். அண்ணன் பொண்டாட்டி அதற்குள் அவள் பாயைத் தொழுவத்துக்கு மாற்றியிருந்தாள் என்று வழியில் சொன்னாள். வண்டிக்காரன் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். உள்ளே அவன் இரண்டாம் பெண்டாட்டி மிஷினின் சக்கரத்தைச் சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சட்டம் பேசினேன். நியாயம், தர்மம், மனிதாபிமானம். ரஷ்ய நாவல் எல்லாம் அன்றைக்குத்தான் கொஞ்சம் பயன்பட்டது. அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டான்:

"சரி சாரே, இது அவ மிஷின்தான். நான் ஒத்துக்கிடுகேன். வாங்க, இப்பமே தக்கலைக்குப் போவோம். இவ செத்தவ இல்ல, செத்தவளுக்கு ஏழு வருசம் ஹாஜர் போட்டது இந்தச் சாருதான்னு சொல்லுவோம். வாறீளா?"

அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நம்பிக்கையோடு என்னை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை, என்னைக் கட்டிக்கொண்டவள் உட்பட.

எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்றேன். உண்மையிலேயே நேரமாகியிருந்தது.

இரண்டாம் பெண்டாட்டிக்குத் தைக்கத் தெரியாது. மிஷினுக்கு ஆள் வேண்டும். ஆளுக்குச் சோறு வேண்டும். ஒரு மாதத்துக்குள் அவள் தினம் நாலு மைல் நடந்து அந்த வீட்டுக்குப் போய், தன் மிஷினில் உட்கார்ந்து, அவன் ஆர்டர் பிடித்து வருகிற ரவிக்கைகளையும் சட்டைகளையும் தைக்க ஆரம்பித்தாள். மத்தியானம் சோறு. தைத்த சட்டைகளுக்கு ஜப்பான் பொத்தான். அட்டை அட்டையாக அவனே வாங்கிவந்து போடுவான்.

மிஷினை விற்காமல் வைத்திருக்கிறார்களா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆபீசிலிருந்து போய்ச் சரிபார்க்க வேண்டும். தெற்குப் பக்கம் எனக்கு ஒதுக்கப்பட்டது. ஆபீசரோடு போவேன். அன்றைக்கு மட்டும் இரண்டாம் பெண்டாட்டி கொல்லைப்புறம் போய்விடுவாள். அவள் பெற்ற பிள்ளையை இவள் மடியில் வைத்திருப்பாள். முதல் தடவை பிள்ளையைப் பார்த்ததும் ஆபீசருக்கு ஒரே சந்தோஷம். "நான் அன்றே சொன்னேனல்லோ!" என்று வண்டிக்காரன் முதுகில் தட்டினார்.

பிள்ளை அழுதது. அவள் மிஷினை நிறுத்தாமல், பிளந்த நகமுள்ள விரலால் அதன் வாயைத் தடவிக் கொடுத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வெளிச்சம் மறைக்கு சாரே" என்றாள், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். ஆபீசர் நோட்டை நீட்டினார். பயனாளி பேருக்கு எதிரே அழகான கையெழுத்தில் எழுதினேன்: ஹாஜர்.